ஸ்டோரும் வேண்டும், ஓயாவும் வேண்டும்

(கேகாலை மாவட்ட இறப்பர் தோட்டக் கமிட்டிகளின் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் தோட்டத் தலைவர்களே, மாதர் சங்கத் தலைவிகளே, காலையில் பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் தாய்மாரே, தோழர்களே!

இந்தக் கூட்டத்தில் வழக்கமாகச் சம்பளம் பேசுவோம், பேர் பேசுவோம், லயத்துக் கூரை பேசுவோம். இன்றைக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசும்படி கமிட்டி என்னிடம் கேட்டது. ஸ்டோரில் இருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீர், அது போய்ச் சேரும் ஓயா, அந்த ஓயாவை நம்பியிருக்கும் கீழ் லயம், அதற்கும் கீழே இருக்கும் வயல். இவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைப் பற்றி வாய் திறந்தாலே நமக்கு ஒரு பதில் வருகிறது. "அப்ப ஸ்டோர மூடிடவா? வேல வேணாமா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியால் பல தோட்டங்களில் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. ஸ்டோரை மூடு என்று நாம் யாரும் கேட்கவில்லை. கழிவுத் தண்ணீரைச் சுத்திகரித்து விடு என்றுதான் கேட்கிறோம். இரண்டும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தை யார் கேட்டாலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கழிவுத் தண்ணீரில் என்ன இருக்கிறது?

நீங்கள் வெட்டிக் கொண்டுவரும் பாலில் 100 லீற்றருக்கு ஏறக்குறைய 30 முதல் 35 கிலோ வரைதான் இறப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். ஆனால் அது வெறும் தண்ணீர் இல்லை. மரத்தின் புரதமும் சீனியும் உப்பும் அதில் கரைந்திருக்கின்றன. சீற்றாக அடித்தாலும், கிறேப்பாக அடித்தாலும், பாலை உறைய வைக்க அசிட் ஊற்றுகிறோம். உறைந்ததை உருளையில் போட்டுத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவுகிறோம். அந்த அசிட்டும், புரதமும், சீனியும், ஒட்டிக்கொண்ட இறப்பர்த் துணுக்குகளும் எல்லாம் சேர்ந்துதான் கானில் ஓடுகின்றன.

செறிந்த பால் தயாரிக்கும் ஸ்டோர்களில் நிலைமை இன்னும் கடுமை. பால் கெடாமல் இருக்க அமோனியா சேர்க்கிறார்கள். இயந்திரத்தில் சுழற்றி 60 வீதச் செறிவுள்ள பாலைப் பிரித்தெடுத்த பிறகு மெல்லிய பால் மிஞ்சும். அதில் இருக்கும் கொஞ்ச இறப்பரையும் எடுக்க சல்பூரிக் அமிலம் ஊற்றுகிறார்கள். அந்தக் கழிவில் அமிலமும் இருக்கும், அமோனியாவும் இருக்கும், சல்பேற்றும் இருக்கும். காற்றுப் படாமல் தேங்கிய குழியில் அந்தச் சல்பேற்றுத்தான் ஐதரசன் சல்பைட் வாயுவாக மாறுகிறது. அழுகிய முட்டை நாற்றம் என்று நாம் சொல்வது இதைத்தான். கையுறை செய்யும் தொழிற்சாலை என்றால் அங்கே பாலை அச்சில் படிய வைக்க கல்சியம் நைத்திரேற்றுப் பாவிப்பது வழக்கம். அங்கே நைத்திரேற்றும் கழிவில் சேரும்.

"மரத்துப் பால்தானே, என்ன செய்யும்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பசுப்பாலும் நல்லதுதான். ஆனால் ஒரு வாளிப் பாலைக் கிணற்றில் ஊற்றினால் மறுநாள் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியுமா? புரதமும் சீனியும் தண்ணீரில் விழுந்தால் அதைத் தின்னக் கிருமிகள் பெருகும். அவை பெருகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். ஒட்சிசன் தீர்ந்தால் மீன் மூச்சுத் திணறும். ஓயாவில் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதப்பதற்கு நஞ்சு ஊற்ற வேண்டும் என்றில்லை. இது போதும்.

இதை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. உயிரியல் ஒட்சிசன் தேவை என்று பெயர். அதிகாரிகள் பி.ஓ.டி. என்பார்கள். நம் நாட்டில் ஆற்றிலோ ஓயாவிலோ விடும் தொழிற்சாலைக் கழிவுக்குப் பொதுவான எல்லை லீற்றருக்கு 30 மில்லிகிராம். சுத்திகரிக்காத இறப்பர்க் கழிவில் இது ஆயிரக்கணக்கில் இருக்கும். இறப்பருக்கென்று தனி அளவுகோல்கள் உண்டு. எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் அப்படியே கானில் திறந்துவிட ஒருபோதும் அனுமதி இல்லை.

வயலுக்கு என்ன நடக்கிறது?

கீழே வயல் செய்யும் கிராமத்து ஆட்கள் பலர் நமக்குத் தெரிந்தவர்கள். நம் கடையும் அவர்கள் கடையும் ஒன்று. அவர்கள் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். "பயிர் கறுப்பாப் பச்சையா நல்லா வருது டீச்சர், ஆனா கதிர் இல்ல, காத்தடிச்சா சாஞ்சிடுது" என்கிறார்கள். இதற்குக் காரணம் உண்டு. அமோனியா என்பது நைதரசன். யூரியாப் பசளையிலும் இருப்பது அதுதான். அளவுக்கு மிஞ்சி, நேரம் காலம் இல்லாமல் நைதரசன் பாய்ந்தால் நெல் இலையாக வளரும், தண்டு பலமிழக்கும், கதிர் பதராகும். எரிபந்தமும் கபில நிறத் தத்தியும் அப்படிப்பட்ட பயிரைத்தான் தேடி வரும். பசளைக்குச் செலவில்லையே என்று ஆரம்பத்தில் சந்தோஷப்பட்டவர்கள் பிறகு மருந்துக்குச் செலவழிக்கிறார்கள்.

அடுத்தது அமிலம். கேகாலை, களுத்துறை, இரத்தினபுரி எல்லாம் மழை கூடிய ஈர வலயம். இந்த மண் இயல்பாகவே புளித்த மண். பள்ளக்காணி வயல்களில் இரும்பு நஞ்சாதல் ஏற்கனவே உள்ள பிரச்சினை. துருப்பிடித்த மாதிரி வாய்க்காலில் சிவப்பு ஆடை படிவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் அசிட் தண்ணீரும் சேர்ந்தால் வேர் கருகும். இறப்பர்த் துணுக்குகள் சேற்றில் தோல் மாதிரிப் படிந்து மண்ணுக்குள் காற்றுப் போகாமல் அடைக்கும். லயத்தோரம் நம் பெண்கள் போடும் கீரைப் பாத்திக்கும் இதே கதைதான்.

வீட்டுக்கு என்ன நடக்கிறது?

ஓயாக்கரைக் கிணறு ஓயாவோடு சேர்ந்தது. ஓயாவில் கலந்தது மண் வழியாக ஊறிக் கிணற்றுக்கும் வரும். அமோனியா மண்ணில் நைத்திரேற்றாக மாறும். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியும் இல்லை. குடிதண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. பெரியவர்களைவிட, ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குத்தான் இது பெரிய ஆபத்து. அந்தத் தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழந்து குழந்தையின் உதடும் நகமும் நீலமாகும்.

தாய்மாரே, இதைக் கவனமாகக் கேளுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றுப் போகாது. கொதித்து வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆகவே ஸ்டோருக்குக் கீழே இருக்கும் கிணற்றைப் பரிசோதித்து முடிவு வரும்வரை, கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். மேல் பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பாவியுங்கள். தாய்ப்பால் கொடுக்கக்கூடியவர்கள் தாய்ப்பாலே கொடுங்கள்.

தண்ணீரைக் கேட்டவர்களுக்கு என்ன நடந்தது?

2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் திகதியை இந்த நாடு மறக்கக்கூடாது. கம்பஹா மாவட்டத்தில் வெலிவேரிய, ரதுபஸ்வல என்ற இடம். கிணற்றுத் தண்ணீர் புளித்துப்போனதற்கு அங்கிருந்த கையுறைத் தொழிற்சாலைதான் காரணம் என்று ஊர் மக்கள் சொன்னார்கள். தொழிற்சாலை அதை மறுத்தது. சுத்தமான தண்ணீர் கேட்டு மக்கள் வீதிக்கு வந்தார்கள். இராணுவம் வந்து சுட்டது. மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். அவர்கள் கேட்டது குடிக்கத் தண்ணீர். அந்தக் கையுறைக்கான பால், நம்மைப் போன்றவர்கள் வெட்டிய பால். அதனால் அது நமக்குத் தூரத்து ஊர்க் கதை இல்லை.

இன்னொரு கதை வடக்கில். யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்துக் கழிவு எண்ணெய் நிலத்தடியில் இறங்கிக் கிணறுகளில் மிதந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. கிணறுதான் எல்லாம். சிங்கள இனத்தவரான சுற்றாடல் செயற்பாட்டாளர் ஒருவர் அந்தத் தமிழ் மக்களுக்காக உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட்டார். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, மின் நிறுவனம் அந்தப் பகுதி மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. தண்ணீருக்கு இனமில்லை என்று மேடையில் சொல்வது சுலபம். அந்த மனிதர் அதைச் செய்து காட்டினார்.

மூன்றாவது கதை, வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு. தமிழ்நாட்டில் திருப்பூர். பனியன் ஊர். அங்கே சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றில் ஓடியது. விவசாயத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணீர் தேங்கும் குளமாகிவிட்டது. கீழே இருந்த விவசாயிகளின் காணி உப்பாகிப் பாழானது. வருடக்கணக்காக வழக்கு நடந்தது. கடைசியில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை நீதிமன்றம் உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே அடியாக மூடப்பட்டன. யார் தெருவுக்கு வந்தார்கள்? அங்கே கூலிக்கு நின்ற தொழிலாளிகள்தான். பிறகு கழிவைச் சொட்டு விடாமல் சுத்திகரிக்கும் நிலையங்களோடுதான் பட்டறைகள் திரும்ப ஓடின. அதாவது, முதலிலேயே செய்திருக்க வேண்டியதை விவசாயியும் தொழிலாளியும் அழிந்த பிறகு செய்தார்கள்.

இதிலிருந்து நமக்கு என்ன பாடம்? தண்ணீரைப் பற்றிப் பேசுவதால் வேலை போவதில்லை. வருடக்கணக்காகப் பேசாமல் விட்டு, கடைசியில் நீதிமன்றம் பூட்டுப் போடும்போதுதான் வேலை போகிறது. ஆகவே ஸ்டோரில் வேலை செய்யும் தோழர்கள்தான் இந்த விடயத்தில் முன்னுக்கு நிற்க வேண்டும்.

செய்ய முடியாத காரியமா?

இல்லை. முதலில் இறப்பர்ப் பொறித் தொட்டி. தண்ணீரை மெதுவாகச் சுற்றி ஓடவிட்டால் துணுக்குகள் மிதந்து சேரும். அதை அள்ளி எடுத்தால் விற்கவும் முடியும். அடுத்து சுண்ணாம்பு போட்டு அமிலத்தைத் தணிப்பது. அதற்கடுத்து காற்றில்லாத தொட்டி, பிறகு காற்றூட்டும் தொட்டி. கிருமிகள் ஓயாவில் செய்யும் வேலையைத் தொட்டிக்குள்ளேயே செய்து முடிக்க விடுகிறோம், அவ்வளவுதான். தென்னந்தும்பில் செய்த தூரிகைகளைத் தொட்டியில் தொங்கவிட்டுக் கிருமிகளை அதில் வளர்க்கும் முறையை அகலவத்தையில் உள்ள நமது இறப்பர் ஆராய்ச்சி நிலையமே உருவாக்கியிருக்கிறது. நம் நாட்டுத் தும்பு, நம் நாட்டு அறிவு.

தொட்டி கட்டியிருந்தால் மட்டும் போதாது. அதை ஓட்ட வேண்டும். கரண்ட் செலவு மிச்சம் என்று காற்றூட்டியை நிறுத்தி வைத்தால், சேறு அள்ளாமல் விட்டால், பெருமழை இரவில் எல்லாவற்றையும் திறந்துவிட்டால், தொட்டி இருந்தும் இல்லாததுதான். அந்தக் கைப்பிடியைத் திறக்கச் சொல்லி உத்தரவு வாங்குகிறவர் நம் ஆள். மறுத்தால் அவருக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் அவரைத் தனியே நிற்க விடக்கூடாது. அப்படியான உத்தரவை மறுத்ததற்காக ஒருவருக்கும் வேலை நிறுத்தப்படக்கூடாது என்று சங்கம் எழுத்தில் கேட்க வேண்டும். இது தொழிற்சங்க வேலைதான்.

சட்டம் நம் கையில் என்ன தந்திருக்கிறது?

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. அதன்படி குறித்துரைக்கப்பட்ட தொழில்கள் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இல்லாமல் கழிவை வெளியேற்ற முடியாது. மத்திய சுற்றாடல் அதிகார சபை அதை வழங்குகிறது. சிறிய தொழில்களுக்கு உள்ளூராட்சி சபை வழங்குகிறது. அனுமதிப்பத்திரத்தில் நிபந்தனைகள் எழுதியிருக்கும், எவ்வளவு கழிவு, எந்தத் தரத்தில் என்று.

அதை நாம் பார்க்க முடியுமா? முடியும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தொழிற்சாலையிடம் கேட்க வேண்டியதில்லை. அதிகார சபையிடம் கேட்கலாம். அனுமதிப்பத்திரத்தின் பிரதி ஒன்று, கடைசியாகச் செய்த கழிவு நீர்ப் பரிசோதனை அறிக்கை ஒன்று. தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறாய் என்ற காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்ற முடிவை அவர்கள் சொல்ல வேண்டும்.

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்கீழ், பொதுத் தொல்லையை அகற்றும்படி நீதவான் கட்டளையிட முடியும். அரச நிறுவனம் தன் கடமையைச் செய்யாமல் உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அதனால்தான் திகதி முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பிரதேச சபையும் நம்முடையதுதான். தோட்டத்துக்குச் செலவழிக்க விடாமல் தடுத்த 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. "எஸ்டேட் ஆள்கள் நிர்வாகத்திட்ட போங்க" என்று யாராவது அனுப்பினால் இதைச் சொல்லுங்கள்.

இனி நாம் செய்ய வேண்டியது.

ஒன்று, ஒவ்வொரு கமிட்டியும் ஒரு கொப்பி வாங்குங்கள். ஓயாவில் நிறம் மாறிய நாள், நேரம், மழையா வெயிலா, நாற்றம், நுரை, மீன் செத்ததா என்று எழுதுங்கள். இரண்டு பேர் கையொப்பம் வையுங்கள். போனில் படம் எடுத்தால் திகதியோடு வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்குப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் உதவுவார்கள். ஆனால் கழிவுக் குழிக்கருகே பிள்ளைகளை அனுப்பாதீர்கள். அந்த வாயு ஆளை மயக்கி விழுத்தும்.

இரண்டு, போத்தலில் தண்ணீர் பிடித்து வைத்தால் அது நமக்குத் தெரிந்துகொள்ள உதவும். வழக்குக்கு அது போதாது. மாதிரியை அதிகாரி வந்து முறைப்படி எடுக்க வேண்டும். அதற்குத்தான் பொதுச் சுகாதார பரிசோதகரையும் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தையும் எழுத்தில் அழைக்க வேண்டும். கடிதம் கொடுத்ததற்குத் திகதி முத்திரையோடு பிரதி வாங்குங்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும்.

மூன்று, கீழ்க் கிராமத்துக் கமக்காரர் அமைப்போடு ஒன்றாக உட்காருங்கள். இதுவரை அவர்கள் "தோட்டத்துத் தண்ணி" என்கிறார்கள். அதில் ஸ்டோரும் நாமும் ஒன்றாகிப் போகிறோம். நாமே போய், "இந்தத் தண்ணீரை முதலில் குடிக்கிறவர்கள் நாங்கள்" என்று சொல்ல வேண்டும். அப்போது அவர்கள் நம் லயத்துக் கானைப் பற்றியும் கேட்பார்கள். மருந்தடிக்கும் டாங்கியை ஓயாவில் கழுவுவதைப் பற்றியும் கேட்பார்கள். கேட்கட்டும். மலசலகூடக் குழி நிரம்பி வழிந்தால் அதைத் திருத்தித் தரும்படி நிர்வாகத்திடம் கேட்போம். டாங்கியை ஓயாவில் கழுவாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. ஒரே கடிதத்தில் தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு பக்கத்தாரும் கையொப்பம் வைத்தால், அந்தக் கடிதத்தை மேசையில் ஓரமாக ஒதுக்குவது கஷ்டம்.

நான்கு, அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும் தலைவர்கள் கோரிக்கைப் பட்டியலில் தண்ணீரையும் சேர்க்க வேண்டும். சுத்திகரிப்புத் தொட்டி ஓட வேண்டும். பரிசோதனை முடிவைப் பிரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும். கீழ் லயத்துக்கு மேல் பீலியில் இருந்து குழாய்த் தண்ணீர் வேண்டும். இந்த மூன்றும் போதும்.

நம் பிள்ளைகளுக்கு வகுப்பில் நீர் வட்டம் படிப்பிக்கிறேன். மழை, ஓடை, ஆறு, கடல், முகில் என்று படம் வரைவார்கள். அந்தப் படத்தில் ஓயாவுக்கு நீல நிறம் தீட்டுகிறார்கள். அந்த நிறம் சரி என்று அவர்களிடம் சொல்லும் பொறுப்பு எனக்கு மட்டும் உரியதில்லை. கொப்பியை நாளைக்கே வாங்குங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தலைவியும் அதைக் கையோடு கொண்டு வர வேண்டும். அங்கிருந்து முதல் கடிதத்தை எழுதுவோம்.